இம்மியும் இலைப்பேனும்: சிற்றளவுச் சொற்கள் எதை அளக்கின்றன?

போடிநாயக்கனூர்ச் சந்தையில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்துப் பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, 7 மில்லிமீட்டர் காய்க்கு அதைவிடக் குறைந்த விலை. ஒரு மில்லிமீட்டருக்குள் தோட்டக்காரரின் ஓராண்டு வருமானம் ஏறி இறங்குகிறது. அதே ஊரின் பேச்சில் இம்மி பிசகாமல், எள்ளளவும், துளிகூட, பொட்டுத் தங்கம், கொஞ்சூண்டு, இத்துனூண்டு என்று சிறிய அளவுகளுக்கான சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. இவற்றில் எதையும் சல்லடையில் இட்டு அளக்க முடியாது. ஆனாலும் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் குழப்பம் வருவதில்லை. அப்படியானால் இச்சொற்கள் எதைத்தான் அளக்கின்றன? இந்தக் கேள்விக்குத் தமிழில் நெடுங்காலமாகப் பதில்கள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. கணக்கு நூலார் ஒன்று சொன்னார்கள், உரையாசிரியர்கள் வேறொன்று. மொழியியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். அவற்றை வரிசையாக எடை போட்டு, ஏலமலைச் சரிவின் நடைமுறை எந்தப் பதிலுக்கு வலுச் சேர்க்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண் என்று கொண்டவர்கள்

மிகப் பழைய பதில், சிற்றளவுச் சொல் என்பது ஓர் எண்ணின் பெயர் என்பது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த எண்சுவடியில் ஒன்றுக்குக் கீழே இறங்கும் எண்களுக்குக் கீழ்வாய் இலக்கம் என்று பெயர். முக்கால், அரை, கால், அரைக்கால் என்று ஒரு கிளை இறங்கும். அது மாகாணி (1/16), அரைவீசம் (1/32), கால்வீசம் (1/64) என்று பாதி பாதியாகப் போகும். மற்றொரு கிளை மா (1/20), அரைமா (1/40), காணி (1/80) என்று போகும். இரண்டு கிளைகளையும் மீதமில்லாமல் ஒரே அலகில் சொல்ல வேண்டும் என்றால் 1/320 வேண்டும். அதுதான் முந்திரி. கால்வீசத்தில் ஐந்து முந்திரி, காணியில் நான்கு முந்திரி. கணக்குத் தேவை பெற்றெடுத்த அலகு இது என்பது இந்தப் பொருத்தத்திலேயே தெரிகிறது. அங்கிருந்து முந்திரியை மறுபடியும் முந்திரியாகப் பகுத்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இம்மி, மும்மி, அணு, குணம், பந்தம், பாகம், விந்தம் என்று பெயர்கள் தொடர்கின்றன.

இந்த ஏணி வெறும் ஏட்டுச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. முதலாம் இராசராசன் காலத்து நிலக்கணக்கில், ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டது என்பதைச் சோழர் வரலாற்றாசிரியர்கள் வியப்போடு எடுத்துக்காட்டி வந்திருக்கிறார்கள். ஒரு வேலியைப் பிற்கால வழக்குப்படி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல் என்று கொண்டால், அந்தப் பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு உட்காரவும் அந்த இடம் போதாது. அவ்வளவு நிலத்தை எந்தக் கோலாலும் அளந்திருக்க முடியாது. எனவே இது மண்ணில் அளந்த அளவு என்பதைவிட, பெருக்கியும் வகுத்தும் வந்த மீதியைக் கைவிடாமல் எழுதிய அளவு என்று கொள்வதே பொருந்தும். இப்படிச் சொல்வதால் அதன் பெருமை குறைவதில்லை. வரியும் பங்கும் கணக்கிடும்போது மீதியை விழுங்கக் கூடாது என்ற கண்டிப்பு அதில் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக் கணக்கைப் பற்றி 2022-இல் விரிவான நூல் எழுதிய செந்தில்பாபு, அந்தக் கணக்கு நிலம், உழைப்பு, கூலி, தானியம் ஆகியவற்றின் நடைமுறையோடு பின்னிக் கிடந்ததைக் காட்டுவதும் இங்கே பொருந்தி வருகிறது.

இந்தப் பதிலின் குறை, முந்திரிக்குக் கீழே போகப் போகத் தெரிகிறது. இம்மி எவ்வளவு? வழங்கும் பட்டியல்களில் ஒரு சாரார் அதை 21,50,400-இல் ஒரு பங்கு என்கிறார்கள், மற்றொரு சாரார் 10,75,200-இல் ஒரு பங்கு என்கிறார்கள். ஒன்று மற்றொன்றின் இருமடங்கு. முந்திரியில் இப்படி ஒரு கருத்துவேறுபாடு எழவில்லை, எழுந்திருந்தால் ஊர்க் கணக்கு நின்று போயிருக்கும். இம்மியில் எழுந்தும் யாருக்கும் நட்டம் வரவில்லை. ஆக, எண் என்ற விளக்கம் அன்றாடம் புழங்கிய அலகுகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது, புழக்கம் தேயும் இடத்தில் தளர்கிறது. இந்தத் தளர்ச்சியை மறந்துவிட்டு, விந்தம் வரை பெயர் இருப்பதாலேயே முன்னோர் அணுவை அளந்தார்கள் என்று மேடைகளில் முழங்குவது அந்தக் கணக்கர்களுக்கே நியாயம் செய்வதாகாது. அவர்கள் செய்தது வேறு, அதுவும் அரிய காரியந்தான்.

பொருள் என்று கொண்டவர்கள்

இரண்டாவது பதில், இச்சொற்கள் கைக்கும் கண்ணுக்கும் பழகிய பொருள்களின் பெயர்கள் என்பது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை சொல்லும்போது, ஆடலரங்கை அளக்கும் கோலுக்கு அடியார்க்கு நல்லார் ஓர் அளவு வரிசை தருகிறார். அணுவில் தொடங்கி, எட்டெட்டாகக் கூடி, தேர்த்துகள், இம்மி, எள், நெல், பெருவிரல் என்று அது ஏறும். காரிநாயனாரின் கணக்கதிகாரம் இன்னும் நீண்ட ஏணி ஒன்றைத் தருகிறது. அதில் கதிரில் எழும் துகள், பஞ்சுத் துகள், மயிர்முனை, நுண்மணல், கடுகு ஆகியவையும் படிகள். அடியார்க்கு நல்லாரின் வரிசையில் இம்மி பின்னம் அன்று, நீளம். ஒரே சொல் ஒரு நூலில் எண்ணாகவும் மற்றொன்றில் நீளமாகவும் நிற்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரிசைக்கு வடமொழியில் ஓர் உடன்பிறப்பு உண்டு. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலும் பரமாணு எட்டுச் சேர்ந்தால் தேர்ச்சக்கரம் எழுப்பும் துகள், அது எட்டுச் சேர்ந்தால் ஈர், ஈர் எட்டுச் சேர்ந்தால் பேன், பேன் எட்டுச் சேர்ந்தால் யவம் என்ற வாற்கோதுமை, அது எட்டுச் சேர்ந்தால் விரல். தேர்த்துகள் இரண்டிலும் இருப்பதால் இரண்டும் தனித்தனியே பிறந்தவை என்று சொல்வது கடினம். யாரிடமிருந்து யார் பெற்றார்கள், அல்லது இருவருக்கும் பொதுவான மூலம் வேறு உண்டா என்பதை இந்த ஒற்றுமையை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. ஆனால் வேறுபாடு ஒற்றுமையைவிடப் பேசுகிறது. ஈர் இருந்த படியில் தமிழ் இம்மியை வைத்தது. பேன் இருந்த படியில் எள்ளை வைத்தது. வாற்கோதுமை விளையாத நாட்டில் அந்தப் படியில் நெல் வந்தது. சட்டகம் எங்கும் ஒன்றாக இருக்க, அதில் ஏறும் பொருளை வட்டாரம் தேர்ந்துகொண்டது.

இதே தேர்வு இலக்கியத்திலும் இருக்கிறது. திருக்குறள் சிறுமைக்குத் தினையையும் குன்றிமணியையும் எள்ளின் பிளவையும் எடுத்துக்கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னின் நிறை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று வருகிறது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. வீட்டில் குண்டுமணித் தங்கம் இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கல்வெட்டின் கடைசி அலகைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலமும் இந்த வழியில் வந்ததே. அங்கே எடைக்கல்லாக இருந்த கிரெய்ன் தானிய மணிதான். ஜாட் என்ற சொல் கிரேக்கத்தின் மிகச் சிறிய எழுத்தான ஐயோட்டாவிலிருந்து வந்தது. டிட்டில் எழுத்தின் மேல் இடும் புள்ளி. உழவர் மணியை எடுத்துக்கொள்ள, எழுத்தர் புள்ளியை எடுத்துக்கொண்டார்.

ஆனால் இந்த விளக்கத்தையும் அப்படியே ஏற்க முடியாது. பெருவிரலின் அகலத்தை இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்தால், எட்டில் ஒரு பங்கு இரண்டரை மில்லிமீட்டர். ஒரு நெல்லின் அகலம் ஏறத்தாழ அதுதான். இதுவரை கணக்கு சரி. அடுத்த படியில் எள்ளின் அகலம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். அப்படி ஓர் எள் எந்தக் காட்டிலும் விளைவதில்லை. கண்ணால் பார்த்து வைத்த படி ஒன்று, எட்டால் வகுத்து வைத்த படி மற்றொன்று, இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒரே தோட்டத்திலிருந்து. பொருள் விளக்கம் சொல்லின் பிறப்பைச் சொல்கிறது, அதன் வேலையைச் சொல்லவில்லை.

கையும் நாவும்

அடுப்படிக்கு வந்தால் பொருள் விளக்கம் மறுபடி வலுப்பெறுகிறது, கொஞ்சம் திருந்தி. உப்பும் மஞ்சள்தூளும் பெருங்காயத்தூளும் சிட்டிகை. எண்ணெய் துளி அல்லது சொட்டு. கறிவேப்பிலை இணுக்கு. பூண்டு பல். தேங்காய் சில்லு அல்லது பத்தை. கீரை பிடி. ஒரு சிட்டிகை எண்ணெய் என்றோ ஒரு சொட்டு உப்பு என்றோ தமிழர் எவரும் சொல்ல மாட்டார். ஆக இச்சொற்கள் அளவைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பொருளைக் கை எப்படி எடுக்கிறது, அது எப்படி உடைகிறது, எப்படி விழுகிறது என்பதைச் சொல்கின்றன. துளி, சொட்டு, கிள்ளு, நறுக்கு ஆகிய நான்கும் பெயராகவும் வினையாகவும் நிற்பது தற்செயல் ஆகாது. ஆங்கிலத்திலும் உப்புக்கு பிஞ்ச், தூசுக்கு ஸ்பெக், நீருக்கு டிராப் என்று பொருள் மாறச் சொல் மாறுகிறது. ஏலக்காய் இதில் தனி வழி போகிறது. பாயசத்துக்கு நாலு ஏலக்காய் என்று எண்ணித்தான் சொல்கிறோம். இடித்துப் பொடித்த பிறகுதான் அதற்குச் சிட்டிகை வருகிறது. விலை உயர்ந்த பொருள் முழுதாக இருக்கும்வரை எண்ணப்படுகிறது என்பதைக் கவனத்தில் வைப்போம், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது பதில் ஒலியிலிருந்து வருகிறது. இகரம் சிறுமையைக் குறிக்க விரும்பும் ஒலி என்று டேனிய அறிஞர் யெஸ்பர்சன் 1922-இல் எழுதினார். மொழியியலாளர் எட்வர்டு சபீர் 1929-இல், மால், மில் என்ற பொருளற்ற இரண்டு அசைகளைக் கொடுத்து எது பெரிய மேசை, எது சிறிய மேசை என்று கேட்டபோது, பெரும்பான்மையோர் மில் என்பதையே சிறியதாகக் கொண்டார்கள். தமிழில் சிறு, சின்ன, சிட்டிகை, சில்லு, இணுக்கு, பிசிறு, கிள்ளு, இம்மி, இத்துனூண்டு என்று பார்த்தால் இதற்கு ஆதரவு திரள்வது போலத் தோன்றும். ஆனால் துளி, பொட்டு, சொட்டு, அணு, நுண்மை ஆகியவை எதிர்ப்பக்கம் நிற்கின்றன. நுண்மைக்குத் தொல்காப்பியம் உரியியலில் தரும் நொசிவு, நுழைவு, நுணங்கு ஆகியவற்றின் முதல் அசையிலும் இகரம் இல்லை. ஆங்கிலத்திலேயே பிக் என்பது பெரியது, ஸ்மால் என்பது சிறியது. ஒலிக்கு ஒரு பங்கு இருக்கலாம், குறிப்பாகக் கொஞ்சூண்டு, துளியூண்டு என்று குழந்தையிடம் இழுத்துச் சொல்லும் இடங்களில். அதற்கு மேல் இந்த விளக்கத்தின் மீது பாரம் ஏற்ற முடியாது.

இல்லை என்பதற்கு அருகில்

நான்காவது பதில்தான் மிகக் கூர்மையானது. இச்சொற்கள் எங்கே வாழ்கின்றன என்று பாருங்கள் என்கிறது அது. இம்மியளவும் நகரவில்லை. எள்ளளவும் ஐயமில்லை. துளிகூட இரக்கமில்லை. சிறிதும் எண்ணவில்லை. தம்படி தேறாது. சல்லிக்காசு கொடுக்க மாட்டான். எல்லாம் மறுப்பு வாக்கியங்கள். இம்மியை மட்டும் எடுத்துக்கொண்டால், மறுப்பும் குறையும் கலவாத வாக்கியத்தில் அதைக் காண்பது அரிது. இம்மி பிசகாமல் என்பதிலும் எதிர்மறை ஒளிந்திருக்கிறது. எனக்கு ஓர் இம்மி சர்க்கரை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரியது அன்று. பிரெஞ்சு மொழியில் இல்லை என்பதற்கு வினையோடு துணைக்கு வந்த சொற்கள் பா, குத், மீ, பொயன். அவற்றின் பொருள் முறையே காலடி, துளி, ரொட்டித் துணுக்கு, புள்ளி. ஓர் அடிகூட நடக்கவில்லை, ஒரு துளிகூடக் குடிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பா என்ற சொல்லே இல்லை என்ற பொருளைத் தாங்கிக்கொண்டது. யெஸ்பர்சன் 1917-இல் எதிர்மறையைப் பற்றி எழுதிய நூல் இந்தச் சுழற்சியை விளக்கியது. பழைய எதிர்மறை தேய்கிறது, அதற்கு அழுத்தம் தர ஒரு சிற்றளவுச் சொல் வருகிறது, பிறகு வந்த சொல்லே எதிர்மறையாகிவிடுகிறது. இந்தப் பார்வையில் சிற்றளவுச் சொல் எதையும் அளப்பதில்லை. அது இல்லை என்பதை உரக்கச் சொல்லும் கருவி, அவ்வளவே.

இதில் பாதிதான் உண்மை என்று எனக்குப் படுகிறது. தம்படியை எடுத்துக்கொள்வோம். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி என்றிருந்த காலத்தில் தம்படி கடையில் வாங்கிய காசு, கணக்கில் எழுதிய காசு. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி புதிய பைசா வந்த பிறகு படிப்படியாக அது செலாவணியிலிருந்து போயிற்று. போன பிறகும் சொல் சாகவில்லை, மறுப்பில் குடியேறிக்கொண்டது. குன்றிமணிக்கும் நடந்தது இதுவே. தட்டாரின் தராசில் இருந்தவரை அது நிறை, தராசிலிருந்து இறங்கிய பிறகு அது இல்லாமையின் அடையாளம். ஆக மறுப்பு இச்சொற்களின் பிறந்த வீடு ஆகாது, புகுந்த வீடு. இன்றைய பேச்சே இதற்குச் சான்று தரும். ஒரு இஞ்சுகூட நகர மாட்டேன், ஒரு பெர்சன்ட்கூட நம்பவில்லை என்கிறோம். இஞ்சும் பெர்சன்ட்டும் இன்னும் வேலையில்தான் இருக்கின்றன, அதற்குள் மறுப்பிலும் ஒரு கால் வைத்துவிட்டன.

இங்கே ஒரு தடை எழும். துளியும் எள்ளும் எந்தத் தராசிலிருந்தும் ஓய்வு பெறவில்லையே, அவை ஏன் மறுப்பில் வருகின்றன? நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்ல, கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

மலைச்சரிவில் ஒரு மில்லிமீட்டர்

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. போடிமெட்டு ஏறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை வட்டம், ஏலமலை. காய் விளைவது பெரும்பாலும் மேலே, வணிகம் நடப்பது கீழே போடியிலும் மேலே வண்டன்மேட்டுக்கு அருகில் புற்றடியிலும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இந்த இரண்டு ஊர்களில்தான் நடந்து வருகிறது. தேனி மாவட்டத்திலிருந்து தொழிலாளர்கள் ஜீப்புகளில் காலையில் மலையேறி மாலையில் இறங்குகிறார்கள். தமிழும் மலையாளமும், நாயக்கர் பாளையமாக இருந்த ஊரில் தெலுங்கும், கன்னடமும் கலந்து ஒலிக்கும் சந்தை இது. தமிழர் கொஞ்சம் என்பதைத் தெலுங்கர் கொஞ்செம் என்கிறார், மலையாளி இத்திரி என்கிறார். பேச்சில் இவை ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுக்கின்றன. விலை பேசும்போது மட்டும் எல்லோரும் மில்லிமீட்டருக்கும் லிட்டர் எடைக்கும் வந்துவிடுகிறார்கள்.

லிட்டர் எடை என்பது ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் காயை நிரப்பினால் வரும் கிராம். நெடுங்காலம் வழங்கிய ஆலப்பி பச்சைத் தரப்பட்டியலில் முதல் தரத்துக்கு 7 மில்லிமீட்டரும் 435 கிராமும், அடுத்ததற்கு 6 மில்லிமீட்டரும் 415 கிராமும், அதற்கடுத்ததற்கு 5 மில்லிமீட்டரும் 385 கிராமும் வகுத்திருந்தார்கள். முதல் இரண்டு தரத்துக்கும் இடையே லிட்டருக்கு இருபது கிராம். அதே விதிகள் வெற்றுக் காயையும் உருக்கெட்ட காயையும் நூற்றுக்கு எத்தனை காய் என்று எண்ணச் சொல்கின்றன. முற்றாத, சுருங்கிய காயை நூற்றுக்கு எத்தனை எடை என்று நிறுக்கச் சொல்கின்றன. ஒரே குவியலில் ஒரு குறை எண்ணப்படுகிறது, மற்றொன்று நிறுக்கப்படுகிறது. வெற்றுக் காய்க்கு எடை ஏது? அதை நிறுத்தால் குறை மறைந்துவிடும், எண்ணினால்தான் வெளிப்படும். சிட்டிகைக்கும் சொட்டுக்கும் இடையே அடுப்படி காட்டிய அதே நுட்பம், இங்கே விலையின் கட்டாயத்தால் விதியாகியிருக்கிறது.

சல்லடைக்குப் பிறகு பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்குகிறார்கள். அவர்கள் தேடுவது அளவை விடப் புள்ளியை. ஏலச் செடியின் இலைப்பேன் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் பூச்சி. பிஞ்சுக் காயின் தோலைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும். காய் வளர வளர அந்த இடம் சொறி போன்ற தழும்பாகிறது. உள்ளே விதையும் மணமும் இருந்தாலும் தழும்பு விலையை இழுத்துவிடும். ஏலக்காய்த் தர விதிகளில் ஓர் எச்சரிக்கை உண்டு: தோலில் பேன் தழும்பு இருப்பதை மட்டும் வைத்துக் காயில் பூச்சி இருப்பதாக முடிவு கட்டக் கூடாது. அடையாளம் வேறு, குற்றம் வேறு என்று விதி பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், சந்தையின் கண் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது என்று பொருள்.

புள்ளிகளுக்கான தமிழ்ச் சொற்களும் இப்படித்தான் பிரிந்திருக்கின்றன. பொட்டு விரும்பி இடுவது. மச்சம் பிறப்போடு வந்தது, பலன் சொல்லப்படுவது. சங்கப் பாடல்கள் சுணங்கையும் திதலையையும் அழகாகப் பாடின. மறு நிலாவில் இருக்கிறது. கறை, மாசு, வடு மூன்றிலும் தீர்ப்பு ஏறியிருக்கிறது. அளவால் இவற்றை வேறு பிரிக்க முடியாது. அந்தப் புள்ளிக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதால்தான் பிரிக்க முடிகிறது. புள்ளி என்ற பொதுச் சொல்லின் வரலாறும் இதையே காட்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் எழுதியோர் ஏடு கிழியும் என்று அதைப் பெரும்பாலும் விட்டார்கள், படிப்பவர் நிரப்பிக்கொண்டார். அச்சு பரவிய பிறகு புள்ளி திரும்பி வந்தது, விடுபட்டால் அது பிழையாகவும் ஆயிற்று.

இப்போது முன்னே நின்ற தடைக்கு விடை சொல்லலாம். சிற்றளவுச் சொல் குறிப்பது ஒரு பரிமாணத்தை விட ஓர் எல்லையை என்று தோன்றுகிறது: இதற்குக் கீழே போனால் கணக்கு இல்லை என்ற எல்லை. அந்த எல்லையை வகுப்பது பொருளின் விலையும், குறைக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளும். எல்லையின் இந்தப் பக்கம் நின்று பேசினால் சொல் கண்டிப்பான அளவு: முந்திரி, குன்றி, 7 மில்லிமீட்டர். அந்தப் பக்கம் நின்று பேசினால் மறுப்பு: துளிகூட இல்லை, எள்ளளவும் இல்லை. துளி ஓய்வு பெறாமலேயே மறுப்பில் வருவது, அது எல்லையில் நிற்பதால். தம்படி ஓய்வு பெற்ற பிறகும் மறுப்பில் நிற்பது, எல்லை நகர்ந்த பிறகும் கல் அங்கேயே கிடப்பதால். இம்மி இரண்டு எண்களாகப் பிளந்தும் யாரும் வழக்குத் தொடுக்காதது, அந்த அளவுக்கு அன்று யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதால்.

இதைச் சோதிக்க ஏலமலையே ஒரு வாய்ப்பைத் தருகிறது. இலைப்பேனுக்கு மருந்தடிக்கிறார்கள், மருந்தின் எச்சம் காயில் தங்குகிறது. தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிமருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக வைத்திருக்கும் எச்ச வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. பழைய கீழ்வாய் இலக்கப் பட்டியலில் மும்மி என்பது 2,36,54,400-இல் ஒரு பங்கு, அணு என்பது 16,55,80,800-இல் ஒரு பங்கு. இன்றைய வரம்பு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. எவருக்கும் பயன்படாதவை என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கடைசிப் படிகளின் அளவுக்கு இன்று ஒரு தோட்டக்காரர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, தவறினால் சரக்கே திரும்பி வரலாம். ஆனால் அந்த எல்லையை அவர் மும்மி என்று சொல்வதில்லை, பிபிஎம் என்றுதான் சொல்கிறார். எல்லை திரும்பி வந்தது, சொல் வரவில்லை. வேறு கருவியோடும் வேறு சட்டத்தோடும் வந்த எல்லை, தன் சொல்லையும் கையோடு கொண்டுவந்துவிட்டது.

தீராதவை

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. சாரல் விழும் மாலையில் ஒரு தாய் குழந்தையிடம் துளியூண்டு சாப்பிடு என்று கெஞ்சும்போது அங்கே விலையும் இல்லை, பதில் சொல்ல வேண்டியவரும் இல்லை. எல்லை விளக்கம் அந்த அன்பை எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே ஒலி விளக்கம் கூடுதலாக ஏதோ சொல்கிறது. ஆனால் தமிழ்ச் சொற்களை வைத்து, தமிழ் மட்டும் பேசுவோரிடம் நடத்தும் சோதனைகள் பெருகாமல் அதை உறுதிப்படுத்த முடியாது. இம்மி முதலில் ஒரு பொருளின் பெயராக இருந்து எண்ணாயிற்றா, எண்ணாகப் பிறந்து நீள வரிசையில் இடம் பிடித்ததா என்பதும் திறந்தே நிற்கிறது. எட்டால் ஏறும் வரிசை எந்தத் திசையில் பயணம் செய்தது என்பதும் அப்படியே. இவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், நான்கு விளக்கங்களில் எண் விளக்கமும் மறுப்பு விளக்கமும் ஒன்றுக்கொன்று பகை இல்லை, ஒரே எல்லையின் இரு பக்கங்கள் என்ற அளவில் சான்றுகள் ஒத்துப்போகின்றன என்பது என் மதிப்பீடு.

அகராதிகள் இச்சொற்களுக்கு மிகச் சிறிய அளவு என்று ஒரே பொருளை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எந்தப் பொருளுக்கு, யார் யாரிடம், என்ன விலைக்கு முன்னால் சொன்னது என்பது சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகும். போடியில் காய் பொறுக்கும் பெண்கள் ஒரு தழும்பை எந்தச் சொல்லால் ஒதுக்குகிறார்கள், எந்தச் சொல்லால் மன்னித்துக் குவியலிலேயே விடுகிறார்கள் என்பதைச் சொல்லாய்வாளர்கள் அந்தத் தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். பல சந்தைகளில் அளவைப் பார்த்துப் பிரிக்கும் வேலையோடு நிறத்தையும் தழும்பையும் பார்த்துப் பிரிக்கும் வேலையும் இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இயந்திரங்களுக்குச் சொல் தேவைப்படாது.